அம்புறோசுக்கு எல்லாம் இனித்த வருடம்

இது நான் கண்ட கதை இல்லை. மன்னார்க் கரையில், தாழ்வுபாட்டில் அம்புறோஸ் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கும் துசாந்தினி அக்கா சொன்னது. வேலிக்கு மேலால் கேட்டது பாதி, அம்புறோசின் மனைவி ஜெனிஸ்ரா வாயால் கேட்டது பாதி என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆகவே எங்காவது பிசகு இருந்தால் அது வேலியின் பிழை.

அம்புறோஸ் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். தன் உடம்பின் சத்தம்தான் அவருக்குக் கேட்டதில்லை. போன வருடம் தை மாதம் கிளினிக்கில் இரத்தம் பார்த்த நேர்ஸ், "சீனி கரையில நிக்குது ஐயா. இன்னும் கொஞ்சம் ஏறினா குளிசை விழுங்க வேண்டியதுதான்" என்றார்.

அம்புறோசுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் ஊர் கேட்க அறிவித்தார்.

"இண்டையில இருந்து சீனி எண்ட சொல்லே என்ர வீட்டில இல்லை!"

மூன்று நாள் இல்லைத்தான். நான்காம் நாள் விடிய, அடுப்படியில் வெறுந் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னப்பா?" என்றார் ஜெனிஸ்ரா.

"மண்ணெண்ணெய் இதைவிட ருசி. மூண்டு கரண்டி போடு."

"அப்ப சபதம்?"

"அது கோயில் முற்றத்தில செய்தது. இது குசினி."

ஜெனிஸ்ரா சண்டைக்குப் போகவில்லை. மூன்று கரண்டி போட்டார். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் அம்புறோஸ் தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் ஜெனிஸ்ரா சொன்னார்:

"மார்கழியில திரும்ப இரத்தம் பாப்பம். குறையாட்டி நத்தார் கேக்கில உங்களுக்கு ஒரு துண்டும் இல்லை."

பிளம்சும் கஜுவும் ரவையும் போட்டு ஜெனிஸ்ரா வருடத்தில் ஒருதரம் மட்டும் சுடுகிற கேக் அது. மற்றப் பதினொரு மாதமும் அந்த மனிதர் உயிர் வாழ்வதே அதற்காகத்தான்.

அதன்பிறகு இரண்டு விசித்திரங்கள் நடந்தன. முதலாவது, ஜெனிஸ்ராவுக்கு மறதி வந்தது.

"இஞ்சருங்கோ, உப்பு முடிஞ்சுது. ஒருக்காக் கடைக்குப் போட்டு வாங்கோ."

"மோட்டச்சைக்கிள் திறப்பு எங்க?"

"ஐயோ, எங்கயோ வச்சிட்டன். அஞ்சு நிமிச நடைதானே."

மாசியில் ஐந்து நிமிட நடை. வைகாசியில், அந்தக் கடைப் புளி சரியில்லை என்று அதற்கு அடுத்த கடை. ஆவணியில் சந்தியும் தாண்டியாயிற்று. வேர்த்து விறுவிறுத்து வந்து பையை நீட்டினால், "வெங்காயம் சொல்ல மறந்திட்டனப்பா" என்பார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் இப்படியா? அம்புறோஸ் பயந்துபோனார். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்தி, மனைவியின் ஞாபகத்தைத் தேடித் தரும்படி மன்றாடினார். கோயிலுக்கும் நடந்துதான் போனார். திறப்புத்தான் இல்லையே.

இரண்டாவது, ஊர்த் தேத்தண்ணி முழுவதும் கெட்டுப்போனது. மன்னார் ரவுனில், சாமான் வாங்கப் போகும் நாளில் குடிக்கும் ஷிராசின் கடையிலும் அதே கதை.

"தம்பி ஷிராஸ், இது தேத்தண்ணியோ பாணியோ? சீனி மூட்டை அவுண்டு விழுந்திட்டுதோ?"

"அண்ணே, பத்து வருசமா உங்களுக்கு அதே கரண்டி, அதே கை."

"பொய் சொல்லாத. வாய் ஒட்டுது."

"ஒட்டட்டும் அண்ணே. மற்ற ஆக்கள் நிம்மதியாக் குடிப்பினம்."

செத்த வீட்டுத் தேத்தண்ணிகூட இனித்தது. வீட்டில் குடிப்பது மட்டும் அச்சொட்டாக, பழைய ருசியிலேயே இருந்தது. சீனி வருத்தம் நாக்குக்கு ஏறிவிட்டது என்று அம்புறோஸ் முடிவுகட்டினார். ஆளே சீனியாகிவிட்டால் குடித்ததெல்லாம் இனிக்காமல் என்ன செய்யும்? கேக் போனது போனதுதான்.

மார்கழியில் நேர்ஸ் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். முன்பு நூற்றிருபத்தொன்று, இப்போது தொண்ணூற்றெட்டு.

"நல்லாக் குறைஞ்சிருக்கே! என்ன செய்தனீங்கள் ஐயா?"

அம்புறோஸ் ஒன்றும் செய்யவில்லை. துண்டு ஆரிடமோ மாறிவிட்டது என்று பெயரை மூன்று தரம் வாசித்தார். அவர் பெயர்தான். அப்போதுதான் அந்தோனியாரின் நினைவு வந்தது. மனைவிக்குக் கேட்டதைப் புனிதர் தவறிப் புருசனுக்குக் கொடுத்துவிட்டாரோ?

குழப்பத்தைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"பாத்தியோ! இதுதான் கட்டுப்பாடு. நீ மூண்டு கரண்டி போட்டாலும் என்ர உடம்பு அதை ஏற்கேல்லை."

"ஓம், ஓம். கெட்டிக்காரர்தான்."

"அப்ப கேக்?"

"சொன்னா சொன்னதுதான். ஒரு துண்டில்லை, ரெண்டு."

நத்தார் காலை. அம்புறோஸ் கதிரையை இழுத்துப்போட்டு, கண்ணை மூடி, முதல் துண்டைக் கடித்தார். மூடிய கண் திறந்துகொண்டது. தண்ணீர் கேட்டார்.

"என்னப்பா?"

"இனிக்குது."

"கேக் எண்டா இனிக்குந்தானே."

"இல்லையடி, இது ஒரு கடிக்கு மேல ஏலாது."

ஜெனிஸ்ரா முன்கதிரையில் இருந்தார்.

"தையில குவிச்ச கரண்டி மூண்டு. கிழமைக்கு ஒரு நுள்ளுக் குறைச்சனான். ஆடியில ஒண்டரைக் கரண்டி. ஐப்பசியில இருந்து ஒண்டுமே இல்லை. கரண்டியால கலக்கிற சத்தம் மட்டும் போட்டனான்."

"அப்ப உன்ர மறதி?"

"திறப்பு என்ர தலையணைக்குக் கீழதான் இருந்தது."

"நான் கொளுத்தின மெழுகுதிரி எல்லாம்?"

"நடந்து போய்த்தானே கொளுத்தினீங்கள்? ஒண்டும் வீண் போகேல்லை."

அம்புறோஸ் அந்த வருடத்தைத் திரும்பிப் பார்த்தார். எந்தக் கிழமையிலும் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வருடம் நடந்திருக்கிறது. முற்றத்தில் நின்று முழங்கியது மூன்று நாளில் படுத்துவிட்டது. ஒரு நுள்ளு பத்து மாதம் ஓடியிருக்கிறது. சந்தோசப்படுவதா, கோபப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் மனைவியை மடக்க ஒரே ஒரு வழி தெரிந்தது.

"எல்லாம் சரி. ஆனா கேக்கில பிழைவிட்டிட்டாய் பார். வருசம் முழுக்கக் குறைச்ச சீனியை ஒண்டாக் கொட்டியிருக்கிறாய்!"

ஜெனிஸ்ரா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். துசாந்தினி அக்காவின் கதை இதோடு முடிகிறது.

எனக்கு மனம் கேட்கவில்லை. இந்தத் தை மாதம் ஜெனிஸ்ராவிடமே போய்க் கேக்கின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டேன். கால் கிலோ ரவைக்கு வழக்கமாக அரைக் கிலோ சீனி. அந்த நத்தாருக்கு அவர் போட்டது நூறு கிராம்.