விரதத் தீர்த்தம்

"இன்னிக்கு ஏதுங்க விரதம்? கிருத்திகை முடிஞ்சு போச்சே!" தோசைக்கரண்டியும் கையுமாக வந்து நின்றாள் பத்மா.

'இன்னிக்கு விரதம்' என்று சொன்னபோது, திருத்தணியில் உரக்கடை வைத்திருக்கும் ராஜகோபாலுக்கு இந்தச் சிக்கல் தோன்றியிருக்கவில்லை. உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள். மலத்தைச் சோதித்தால் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருந்தது. மறுநாள் காலை சென்னை ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். குடல் காலியாக இருக்க வேண்டும், இன்று முழுக்க வடிகட்டிய நீராகாரம்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

'கேன்சராக இருக்கலாம்' என்று பத்மாவிடம் எப்படிச் சொல்வது? பல்லி மேலே விழுந்ததற்கே இரண்டு நாள் கலங்கிக் கிடந்தவள் அவள்.

"இது வேற விரதம். வேண்டுதல்" என்றார்.

"என்னா வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது."

பத்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய் அடுப்பை அணைத்தாள். தோசைக்குப் பதில் இளநீர் வந்தது. மத்தியானம் தெளிவாக வடிகட்டிய ரசம் வந்தது.

'அப்பாடா, நம்பிவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டார் ராஜகோபால்.

சாயங்காலம் பேதி மருந்து குடிக்க வேண்டும். பாட்டிலைக் காட்ட முடியுமா? கரைத்த மருந்தைப் பித்தளைச் சொம்பில் ஊற்றி, சாமி படத்துக்கு எதிரே உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

"என்னாங்க அது?"

"தீர்த்தம்."

"இவ்ளோவா?"

"பெரிய வேண்டுதல்."

அந்த நேரம் பார்த்து பத்மாவின் தம்பி ஜம்புலிங்கம் பள்ளிப்பட்டிலிருந்து வந்து இறங்கினான். வரும் வழியில் கடையில் விசாரித்திருக்கிறான்.

"பாவா! கடும் விரதமாமே! மலைக்குப் போவாம வூட்ல குந்திகினு இருந்தா எப்டி? ஏறுங்க வண்டியில."

"இன்னிக்கு வேணாம் மச்சான்" என்றார் ராஜகோபால். வயிற்றுக்குள் ஏதோ உருள ஆரம்பித்திருந்தது.

"சாமி விஷயத்துல வேணாம்னு சொல்லாதீங்க. சரி, எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் குடுங்க."

"டேய், அத்தத் தொடாதடா!" பத்மா அடுப்படியிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் சொம்பில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்து முடித்திருந்தான் ஜம்புலிங்கம்.

"உப்பும் புளிப்புமா கீது. எந்தக் கோயிலுது பாவா?"

பதில் சொல்ல ராஜகோபால் அங்கே இல்லை. கழிப்பறைக் கதவு சாத்தப்பட்டிருந்தது. சற்று நேரத்தில் அந்தக் கதவுக்கு வெளியே ஜம்புலிங்கம் நெளிந்தான்.

"பாவா, சீக்கிரம் வாங்க!"

"இப்பத்தானே மச்சான் நீ போய் வந்த!"

"சாமிக்கு ரொம்ப சக்தி பாவா!"

பத்மா வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும், உரக் கம்பெனிக் கூட்டம் என்று சொல்லிக் கிளம்பினார். பத்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எத்தனை சாக்கு சொல்லியும் அசையவில்லை. ரயில் அரக்கோணம் தாண்டியதும் ராஜகோபால் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பத்மா அழவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மயக்க ஊசி போடுவாங்க. கூட ஆளு இல்லாம உட மாட்டாங்க. நல்ல வேளை, நான் வந்தேன்."

டிவியில் பார்த்திருப்பாள் என்று நினைத்தார்.

குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. துணுக்கு எடுத்துச் சோதித்ததில் கேன்சர்தான் என்று வந்தது.

"எத்தனாவது ஸ்டேஜ் டாக்டர்?" என்று கேட்டார் ராஜகோபால்.

"இப்பவே சொல்ல முடியாதுங்க. கட்டி குடல் சுவத்துல எவ்வளவு ஆழம் போயிருக்கு, பக்கத்து நெறிக்கட்டிங்களுக்குப் பரவியிருக்கா, ஈரல் நுரையீரல் வரைக்கும் போயிருக்கா, இந்த மூணும் தெரியணும். ஸ்கேன் பாதி சொல்லும். ஆபரேஷன்ல எடுக்கறதை மைக்ராஸ்கோப்ல பார்த்தா மீதி தெரியும்."

ஸ்கேனில் ஈரலும் நுரையீரலும் சுத்தமாக இருந்தன. ஆபரேஷன் முடிந்தது. முடிவு வரும்வரை, "பயப்படாத பத்மா" என்று ராஜகோபால் சொல்லிக்கொண்டே இருந்தார். "நான் பயப்படலீங்க" என்று அவள் அவருடைய வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

கடைசியில் டாக்டர் சிரித்த முகத்தோடு கூப்பிட்டார். "குடலோட தசை வரைக்கும்தான் போயிருக்கு, அதைத் தாண்டலை. நெறிக்கட்டி ஒண்ணுலயும் இல்லை. முதல் ஸ்டேஜ். கீமோ வேண்டாம். செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ராஜகோபால் குழந்தைபோல அழுதார். "உங்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது பத்மா. நீ தாங்க மாட்டேன்னு நெனச்சிட்டேன்."

"போவட்டும் உடுங்க" என்று அவர் முதுகைத் தடவினாள் பத்மா.

பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த ஒரு நர்ஸ் அந்தப் பக்கமாகப் போனவள், பத்மாவைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? போன வருஷம் நீங்க குடல்ல கேமரா விட்டுப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு வந்தப்ப, 'எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது, பாவம், தாங்க மாட்டாரு'ன்னு சொன்னீங்களே, அவரு இவருதானா?"