பிரேக் சத்தமும் காணிப்பாக்கம் சத்தியமும்

கார்வேட்டிநகரம்,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஹரிபிரசாத் அவர்களுக்கு, மாமனார் கன்னையா பல ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை செல்லியம்மாவும் குலதெய்வத்தின் புண்ணியத்தில் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் யாமினியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன வருஷம் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கிளட்ச் இல்லாத கார் மட்டும் சௌக்கியமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் பிரேக் பற்றி நான் ஆரம்பித்ததும் நீங்கள் போனை மேசை மேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவதாக யாமினி சொல்லிவிட்டாள். அதனால்தான் மாங்காய் ஊறுகாய் டப்பாவோடு இந்தக் கடிதத்தைப் பஸ் பார்சலில் அனுப்புகிறேன்.

"ஞாயித்துக்கெழம வருவேன் மாமா. அப்பவும் சத்தம் வந்தா வண்டிய வித்துடுவேன், நீங்க ஆட்டோல போங்க" என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் கண்ட்ரோலராக உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டுவதற்கு நேரம் குறித்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். பின்னால் வரும் பஸ் டிரைவர்கள் இன்றைக்கும் லைட் போட்டு, ஹாரன் அடித்து எனக்கு மரியாதை செய்கிறார்கள். இதை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு போக என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சத்தத்தை ஒழித்துக் காட்டாவிட்டால் நான் கன்னையா இல்லை.

இதுவரை பட்ட பாட்டைக் கேளுங்கள். பங்காருபாளையம் கல்யாணத்துக்குப் போனபோது பந்தல் வாசலில் பிரேக் போட்டேன். அது போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் தன் சீவாளிதான் கெட்டுவிட்டது என்று வாத்தியத்தை இறக்கிப் பார்த்தார், தாலி கட்டும் நேரத்தில் மேளம் நின்றுபோனது, பெண்ணின் பெரியப்பா முறைத்த முறையில் நான் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் பந்தியிலிருந்து எழுந்து வந்தேன். தூசிதான் காரணம் என்று மறுநாள் மோட்டார் போட்டு நாலு சக்கரத்தையும் குளிப்பாட்டினேன். அடுத்த தெரு வரை அமைதி, அப்புறம் பழைய கதை. அதற்கடுத்த நாள் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல்! திருடனைப் பிடித்த மாதிரி அதைக் கொண்டுபோய் உங்கள் அத்தையிடம் காட்டினேன். "கல்லு வந்துச்சி சரி, சத்தம் போச்சா?" என்றாள். போகவில்லை. பிறகு தெலுங்கு வீடியோ ஒன்றில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடின் முதுகில் கிரீஸ் தடவச் சொன்னான். முதுகு எது, வயிறு எது என்று அவன் காட்டுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது, நான் இரண்டு பக்கமும் தடவிவிட்டேன். சத்தம் அறவே நின்றது, மாப்பிள்ளை. வண்டிதான் நிற்கவில்லை. நேராக அடுத்த வீட்டுப் புருஷோத்தமனின் வைக்கோல் போரில் போய் உட்கார்ந்தது. அவன் எருமை மிரண்டு இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை, அவன் மனைவி இன்றுவரை உங்கள் அத்தையோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் புத்தூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் சுரேஷ்பாபுவிடம் விட்டேன். கிரீஸைத் துடைத்துவிட்டுப் புது பேட் போட்டதாகச் சொன்னான். ஒரு வாரம் அமைதி, மறுபடி கத்தல். கொண்டுபோய் அவனிடம் கொடுத்தால், அவன் ஓட்டும்போது வண்டி வாயே திறக்கவில்லை! நான்கு முறை இப்படி ஆனது. "என் கையால புது பேட் போட்டேன் சார். நான் ஓட்டுனா சத்தமே வர்ல. உங்க காதுலதான் இன்னாவோ கீது. திருப்பதில நல்ல டாக்டருங்க கீறாங்க, போய்க் காட்டுங்க" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! பழைய பேடையே தேய்த்து மாட்டியிருக்கிறான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் பண்றியாடா?" என்று கேட்டேன். அந்த விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய நம் மாவட்டத்தில் எவனுக்கும் நெஞ்சு துணியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவனோ, "வரேன் சார், தலைக்கு ஊத்திக்கினு பண்றேன்" என்கிறான். என்ன துணிச்சல் பாருங்கள்! இன்னும் அரை மணியில் வந்துவிடுவான், அதே காரில் நானே அவனை ஏற்றிக்கொண்டு போகிறேன். குற்றம் பேடில்தான், ஓட்டுகிறவனிடம் இல்லை என்று இன்றைக்கு நிரூபித்துவிடுவேன்.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னாள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், நிறுத்திய இடத்தில் நிற்கும் வண்டியும் அமைய எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு, உறுதி குலையாத மாமனார்,
கன்னையா.

பி.கு.: வெள்ளி இரவு. காலை அவசரத்தில் பார்சல் போட முடியாமல் கடிதம் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதில் ஊறுகாய் வரியைத் தவிர மற்றதை மறந்துவிடவும்.

காணிப்பாக்கம் போகும் வழியில் சித்தூர் வருவதற்குள் வண்டி பதினோரு முறை கத்தியது. "கேட்டியா?" என்று ஒவ்வொரு முறையும் சுரேஷ்பாபுவைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க, நான் கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். அவன் கேட்டான்: "சார், எடது காலு அங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

"பிரேக் மேல வச்சிக்கினு கீறேன். கிளட்ச் இல்லாத வண்டில அதுக்கு வேற இன்னா வேல?"

"எப்பலேர்ந்து?"

"வண்டி வந்த நாள்லேர்ந்து."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "தேவுடா! ஒரு கால்ல ஆக்சிலேட்டரு, ஒரு கால்ல பிரேக்கு! பேடு ஓயாம ஒரசி, சூடேறிக் கத்துது. நான் ஓட்டுனா ஆறிடுது, அதான் சத்தம் வர்ல. பின்னால பிரேக் லைட்டு அணையவே இல்ல. பஸ்காரன் திட்டறான் சார், நீங்க வணக்கம் வைக்கிறீங்க!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. எனக்குப் பயம். முப்பத்தொரு வருஷம் லேட்டான பஸ்களுக்காகக் காத்திருந்து, போன் அடித்தால் எங்கே விபத்தோ என்று நடுங்கினவன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கால் தானாகப் போய் அங்கே உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கோவில் குளத்தில் இருவரும் தலைமுழுகினோம். சுரேஷ்பாபு, புது பேட்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தான். பிறகு என்னைப் பார்த்தான். நல்ல பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வேதனை ஒரு பக்கம், பின்னால் கூட்டம் நெருக்குவது ஒரு பக்கம். ஈர வேட்டியோடு கையைக் கூப்பி உரக்கச் சொல்லிவிட்டேன்: "சாமி, இந்தக் கன்னையாவோட காலு இனிமே எந்த வண்டி பிரேக்கு மேலயும் படாது!"

வெளியே வந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், எடது காலுன்னு சொல்லிருக்கணும்."

திரும்பி ஓடி அர்ச்சகரிடம் திருத்தம் கேட்டேன். சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்றுவிட்டார். சுரேஷ்பாபுவே ஓட்டி வந்தான். வழி முழுக்க ஒரு முனகல் இல்லை.

விஷயத்தைக் கேட்ட உங்கள் அத்தை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "வித்துட வேணாம்னு மாப்ளைக்கு எழுதுங்க. நான் ஓட்டறேன்" என்றாள். சாயங்காலமே சுரேஷ்பாபுவை ஆசிரியராக்கி, பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சுற்று வந்துவிட்டாள். திங்கட்கிழமை எல்.எல்.ஆருக்குப் போகிறாள். எனக்கு ஒரே நிபந்தனை: பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அப்படியே உட்கார்ந்தேன். கோல் போஸ்ட் கிட்டே வந்ததும் பிரேக் போட்டாள். கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. அது வண்டியில்லை, பின் சீட்டிலிருந்து வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தையும் சுரேஷ்பாபுவும் உங்களிடம் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.