கஷ்டமும் ப்ரொப்ளமும்

கட்டில் மேலே இரண்டு சட்டி, கதவோரம் ஒரு வாளி. கூரைத் தகரம் ஒழுகுகிற ஒழுக்கில், தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் இருந்த சுதாகரன் வீட்டில் சோறாக்கச் சட்டி மிஞ்சவில்லை.

"நாலு தடவை எழுதிக் குடுத்தாச்சு. ஆபீஸ்ல ஒருத்தரும் அசையல" என்றான் மனைவி பூரணியிடம்.

"என்னன்னு எழுதினீங்க?"

"வீடு ஒழுகுது, ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு."

பூரணி தலையில் அடித்துக்கொண்டாள். "கஷ்டம்னு எழுதினா யாரு பார்ப்பாங்க? கஷ்டம்னா நாம படுறது. ப்ரொப்ளம்னா அவங்க தீர்க்கிறது. இங்கிலீசுல போடுங்க."

போட்டான். 'ஹவுஸ் பிக் ப்ரொப்ளம்.' கீழே கையெழுத்து.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே செய்தி வந்துவிட்டது. பத்து மணிக்குத் தோட்டத்துத் துரை நேரில் வருகிறாராம்!

சுதாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. பூரணியோ வாசலுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"துரை தலையில தண்ணி சொட்டினா அப்புறம் லயத்துல நடமாட முடியுமா? ஏறுங்க மேல!"

"ஒழுகுறதைக் காட்டத்தானே வரச் சொன்னோம்?"

"காட்டுங்க. அவரு நனையாமக் காட்டுங்க."

ஏறினான். ஓர் ஓட்டையில் தாரைப் பூசிவிட்டுக் காலை எடுத்து வைத்த இடத்தில் இன்னொரு ஓட்டை விழுந்தது. அதை அடைக்கப் போனதில் மூன்றாவது. கடைசியில், பக்கத்து வீட்டுக் காளியாயி மகள் சடங்குக்கென்று நோர்வூட் டவுனில் வாங்கிவைத்திருந்த தார்ப்பாயை இரவல் வாங்கி, கூரையைப் போர்த்திக் கல் வைத்துவிட்டு இறங்கினான்.

துரை வந்தார். கூடவே மழையும் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு? ம்ஹும்.

துரைக்குத் தெரிந்தது தோட்டத்துத் தமிழ்தான். "எங்க மனுசன் ப்ரொப்ளம்?"

சுதாகரன் பாவமாகக் கூரையைப் பார்த்தான். "ஒழுகும்ங்க... வழக்கமா ஒழுகும்ங்க."

"இப்ப ஒழுக இல்லதானே?"

"இப்ப... இல்லீங்க."

துரை கொப்பியில் ஏதோ எழுதினார். பிளேன்டீயை ரசித்துக் குடித்தார். ஜீப் ஏறிப் போய்விட்டார்.

இனி எந்த மொழியில் எழுதினாலும் ஒரு தகரம் வராது. சுதாகரனுக்கு அழுகையே வந்துவிட்டது. பூரணி அவன் முகத்தைப் பார்க்காமல், துரை உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் றொக்சன் நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, பங்களாவுல நாலு ரூம் ஒழுகுது, மூணு வருசமா துரையும் இங்கிலீசுலதான் ப்ரொப்ளம், ப்ரொப்ளம்னு கம்பெனிக்கு எழுதுறாரு, ஒரு பதிலும் இல்ல, ஒங்க கூரையை அடைச்ச ஆளைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு!"