புட்டிக்குள் விழுந்த காசித் தீர்த்தம்

பெங்களூர்

அன்புள்ள அத்திம்பேருக்கு,

சீனிவாசராகவன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. நானும் பாமாவும் சௌக்கியம். எங்கள் பெண் ஸ்னேஹா நேற்று முதல்தான் சௌக்கியம். அதற்குக் காரணம் நீங்களும் அக்காவும் காசியிலிருந்து சுமந்து வந்து கொடுத்த கங்கைச் சொம்பு.

ஸ்னேஹா தன் ஆராய்ச்சிக்கூடத்தில் பெரோவ்ஸ்கைட் நானோ படிகம் செய்கிறாள் அல்லவா? கண்ணுக்கே தெரியாத குட்டிக் கனசதுரங்கள். ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஜொலிக்கும். ஆனால் செய்து முடித்த பிறகும் அவை செய்தபடி இருப்பதில்லையாம். ஏதாவது ரசாயனம் கொஞ்சம் கூடிப்போனால் வடிவம், உள்ளமைப்பு எல்லாம் மாறி, வெளுத்து, ஒளியும் அணைந்துவிடுமாம். போன வாரம் அதுதான் நடந்தது. டாக்டர் பட்டக் கமிட்டி முன்னால் பச்சையைக் காட்டாவிட்டால் மூன்று வருஷ உழைப்பு தண்டம். பெண்ணுக்கு ரசம் சாதம்கூட இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் அங்கே ஆயுத பூஜை, நானும் போயிருந்தேன். மிஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை. அங்கே வேலை பார்க்கும் லட்சுமம்மா, "பூஜாரி பர்லில்லா ஸார், அவர் வராட்டி என்ன, நீங்களே மந்திரம் சொல்லிடுங்க" என்றாள். சும்மா இருப்பேனா? கையோடு கொண்டுபோயிருந்த சொம்பைத் திறந்து, மாவிலையால் தராசு, அடுப்பு, கம்ப்யூட்டர் என்று தெளித்துக்கொண்டே போனேன். வெளுத்த படிகம் இருந்த புட்டி திறந்து கிடந்தது. விழுந்தது பாருங்கள் நாலு சொட்டு! "அப்பா, அதுக்குத் தண்ணியே ஆகாதுப்பா! என்னப்பா பண்ணிட்டே!" என்று ஸ்னேஹா அலறினாள். பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுதேவிட்டேன்.

அவள் கோபத்தில் புட்டியைக் குலுக்கி ஊதா விளக்கடியில் பிடித்தாள். பச்சை! அத்திம்பேர், முதல் நாள் ஜொலித்த அதே பச்சை! புரொபசர் ஓடி வந்து, படிகத்தில் கூடுதலாக இருந்த உப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டதால் மிச்சம் பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டது என்று விளக்கினார். விளக்கட்டும். கங்கையின் மகிமை அவருக்கு என்ன தெரியும்? நேற்று கமிட்டியும் பார்த்துத் தலையாட்டிவிட்டது.

ஆகவே அடுத்த தடவை காசிக்குப் போனால் இரண்டு சொம்பாகக் கொண்டுவரவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் பேரன் கண்ணா நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சீனிவாசராகவன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஸ்னேஹா வந்தாள். "கட்டுரையில தண்ணி எங்கேர்ந்து வந்ததுன்னு சரியா எழுதணும்ப்பா. காசியில எந்தப் படித்துறை?" என்றாள். உடனே பாமா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏன்னா, காசின்னு அச்சடிச்சுடப் போறா! அலமாரி துடைக்கறச்சே அது எப்பவோ கொட்டிடுத்து. நான்தான் நம்மாத்துக் குழாய்லேர்ந்து ரொப்பி வெச்சேன்." எப்போது என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த மறு வாரமேயாம். இரண்டு சொம்பு வேண்டாம். போன தை மாதம் உங்கள் கிருஹப்பிரவேசத்துக்கு, உங்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டதென்று எங்கள் சொம்பைக் கேட்டு வாங்கி வீடு முழுக்கத் தெளித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்களே, அதில் இருந்தது என்ன தண்ணீர் என்பது அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.