‘முணுமுணுப்பு’ என்னும் ராக் இசைத் தொடர் உருவான வரலாறு

குழந்தைகளின் மனத்தை அறிந்துகொள்ள மனித குலம் இதுவரை கண்டுபிடித்துள்ள வழிகளுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், குழந்தை ஒன்றுகூட இல்லாத ஓர் அறையில் பெரியவர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து கூட்டம் போடுவதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் சிறுவர் பிரிவு இந்த உண்மையை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. மூன்றாம் மாடியில், நீள்வட்ட மேசையும், தண்ணீர் வராத தண்ணீர் இயந்திரமும், ‘குழந்தைகளே நம் முதலாளிகள்’ என்ற பலகையும் கொண்ட அறையில்தான் ‘இடிமுழக்கம்’ என்ற தொடர் கருக்கொண்டது.

நான்கு பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து ராக் இசைக்குழு தொடங்குகிறார்கள். இதுதான் கதை. எழுதியவர், பத்தொன்பது வருடங்களாகக் குழந்தைகளுக்காகவே வாழ்ந்துவரும் கதாசிரியர். பல் துலக்கும் முயலையும், சாலையைக் கடக்குமுன் இருபுறமும் பார்க்கும் ஆமையையும் நாட்டுக்கு அளித்தவர். ஆமை இருபுறமும் பார்த்து முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும் என்பதால், நிர்வாகத்துக்கு அவர்மேல் தனி மரியாதை. வயது நாற்பத்தேழு. இசைத் தொடர் என்பதால், தலையில் மிச்சமிருந்த முடியைக் கொஞ்சம் வளரவிட்டிருந்தார்.

“தலைப்புல இடி இருக்கு,” என்று முதல் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார் குழந்தை உளவியல் ஆலோசகர். அவருக்குக் குழந்தைகள் கிடையாது. ஆகவே பாரபட்சமில்லாமல் கருத்துச் சொல்வார் என்று அவரது நியமன ஆணையிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். “எட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க பயந்துடும்.”

இடி நீக்கப்பட்டது. ‘முழக்கம்’ மிஞ்சியது.

“முழக்கம்னா ஊர்வலம் மாதிரி இல்ல?” என்றார் நிகழ்ச்சித் தலைவி. “யாரை எதிர்த்து முழங்கறாங்கன்னு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

ஒரு மணி நேர ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு, ராக் இசைத் தொடருக்கு ‘முணுமுணுப்பு’ என்ற பெயர் ஏகமனதாக ஏற்கப்பட்டது. அடுத்து டிரம்ஸ் வந்தது.

“அது அவசியமா?” என்றார் ஆலோசகர். “ஒரு பொருளை அடிக்கறது வன்முறை. இன்னிக்கு டிரம்மை அடிப்பாங்க, நாளைக்குத் தம்பியை அடிப்பாங்க.”

“மேடம், மேடம்!” என்று பதறி எழுந்தார் தொடருக்கு விளம்பரம் தரவிருந்த தலைவலித் தைலக் கம்பெனியின் பிரதிநிதி. “டிரம்ஸ் இல்லேன்னா நாங்க எதுக்கு மேடம்?”

கலைக்காக அந்த அறையில் எழுந்த ஒரே குரல் அதுதான். அதன் பயனாக, விளம்பர இடைவேளைக்கு முன்பு மூன்று நிமிடம் டிரம்ஸ் அடிக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

எல்லாம் முடிந்து நாற்காலிகள் நகரத் தொடங்கியபோது தலைவி கதாசிரியரைப் பார்த்தார்.

“சார், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. வசனம் ஒட்டவே இல்ல. ‘தோழர்களே, இசையே நம் இலட்சியம், புறப்படுங்கள்!’னு எந்தப் பதினஞ்சு வயசுப் பொண்ணு சார் பேசும்?”

“மாத்திடலாம் மேடம்.”

“எனக்கு ‘அசல்தன்மை’ வேணும். திங்கக்கிழமைக்குள்ள.”

அசல்தன்மைக்குத் திங்கட்கிழமை கெடு என்றால் அதை எந்தக் கடையில் போய் வாங்குவது? இந்த யோசனையோடுதான் அந்தச் சனிக்கிழமை மாலை கதாசிரியர் வீடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே ‘டம டம’ என்று சத்தம் கேட்டது.

“என்ன அது?”

“உங்க பொண்ணுதான்,” என்றாள் மனைவி. “மூணு மாசமா சனி ஞாயிறு ஸ்டோர் ரூம்ல இதே வேலைதான். நாலு பேர் சேர்ந்து பேண்டு வச்சிருக்காங்களாம். நீங்க எங்க, ஆமையோடயே இருக்கீங்க.”

மகளுக்கு வயது பதினைந்து. பாப்பா என்று கூப்பிட்டால் முறைப்பாள். வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கிட்டார் வாசிப்பாள், பாட்டும் அவளே கட்டுவாள். குழுவில் இன்னொரு கிட்டாருக்கு ‘நெட்டை’, கீபோர்டுக்குச் ‘சுருட்டை’. டிரம்ஸ் வாங்க வழியில்லாமல், கவிழ்த்துவைத்த பெயிண்ட் வாளிகள் மூன்றை அடித்து நொறுக்குபவன் ‘டமாரம்’.

ஸ்டோர் ரூமுக்கும் குளியலறைக்கும் நடுவில், கூரையை ஒட்டி ஒரு காற்றுச் சாளரம் உண்டு. பேரறிஞர்கள் பலர் உண்மையைத் தேடிக் காட்டுக்கும் மலைக்கும் போயிருக்கிறார்கள். நம் கதாசிரியர் குளியலறைக்குள் போனார். கழிப்பிட மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். குழாயை லேசாகத் திறந்துவிட்டார். முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு ‘கள ஆய்வை’த் தொடங்கினார்.

“டேய், நீ அடிக்கற வேகத்துக்கு நான் பாடினா எனக்கு மூச்சு நின்னுடும்டா,” என்றது மகளின் குரல்.

“நீ மெதுவா பாடினா எனக்குத் தூக்கம் வருதே,” என்றது டமாரத்தின் குரல்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை, அவ்வளவு நேர்மை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவி வாய்விட்டுச் சிரித்தார். “எங்க சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க இதையெல்லாம்?”

“அது ஒரு தவம் மேடம்,” என்றார் கதாசிரியர்.

அதன்பிறகு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தவம் நடந்தது. ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். மனைவிக்குக் கவலை வந்துவிட்டது. “என்னங்க, இன்னிக்காவது டாக்டரைப் பாருங்களேன்?” என்று கதவைத் தட்டினாள். ஒருநாள், ஒத்திகையின் நடுவே கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மகளே வந்தாள்.

“அப்பா, உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி கலக்கி வாசல்ல வச்சிருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. நாங்க சத்தம் போடறதுல உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?”

“இல்லம்மா. நல்லா சத்தமா வாசிங்க,” என்றார் அப்பா, உள்ளிருந்து. பிள்ளைகளின் கலை ஆர்வத்தை இந்த அளவுக்கு ஊக்குவித்த தகப்பன்மார் அரிது. அவள் போனபின் அந்தத் தண்ணீரை உள்ளே எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மறுபடி நோட்டைத் திறந்தார்.

அன்றுதான் அவள் புதுப் பாட்டைப் பாடினாள்.

எனக்கு ஒரு கதவு வேணும்
உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்
தட்டிட்டுக் கொஞ்சம் நில்லுங்க
நான் யாருன்னு பார்த்துட்டு வரேன்

வாளிச் சத்தம்கூட இல்லாமல் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாளரத்துக்கு இந்தப் பக்கம் கதாசிரியரும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு வரிகூட இப்படி எழுதியதில்லை. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் விடாமல் எழுதிக்கொண்டார்.

பாட்டை நிலையம் கொண்டாடியது. ஆலோசகர் மட்டும் தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னார். “பிள்ளைங்க உள்ள மாட்டிக்கிட்டா யார் பொறுப்பு?” எனவே இரண்டாம் வரி ‘உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்’ என்று பாதுகாப்பாகத் திருத்தப்பட்டு, ஏழாவது பகுதிக்காகப் படமாக்கப்பட்டது. பாடியவர் கதாநாயகன். ‘பதினாறு வயது’ மாணவனாக நடித்த அவருக்கு உண்மையில் முப்பத்தைந்து. தன் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறதென்று அன்று அரைநாள் விடுப்புக் கேட்டார். தரவில்லை. அந்தச் சோகத்தில் பாட்டு நன்றாகவே வந்தது.

தொடர் ஒளிபரப்பாக இன்னும் ஒரு மாதம் இருந்தபோது தலைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைசிப் பகுதியில் ‘உண்மையான இளம் இசைக்குழு’ ஒன்றை மேடையேற்றலாம். பள்ளிகளுக்கு அறிவிப்புப் போயிற்று. தேர்வு நாளில் பதினொரு குழுக்கள் வந்து வாசித்துவிட்டுப் போயின. பன்னிரண்டாவதாகக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர்கள் நெட்டை, சுருட்டை, மூன்று வாளிகளுடன் டமாரம். பின்னால், கிட்டாரோடு பாப்பா.

கதாசிரியருக்குக் கையிலிருந்த பேனா நழுவியது.

மகள் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அப்பா உள்ளே இருக்கிறார் என்று சலுகை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக விண்ணப்பத்தில் அவர் பெயரையே அவள் எழுதவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. வந்து அசத்துவதாகத் திட்டம்.

“பார்த்தா பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க மாதிரியே தெரியலையே,” என்று ஆலோசகர் தலைவியின் காதில் சொன்னார். “கூச்சப்படறாங்க, நகத்தைக் கடிக்கறாங்க. நம்ம ஹீரோ எவ்வளவு இயல்பா குதிக்கறார்!”

“வாளியை நல்லா ஓங்கி அடி தம்பி,” என்று டமாரத்துக்கு ஆசி வழங்கினார் தைலப் பிரதிநிதி.

வாசித்தார்கள். ‘எனக்கு ஒரு கதவு வேணும்’ என்று அவள் தொடங்கியதும் தலைவி நிமிர்ந்தார். இரண்டாம் வரியில் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“நான் எழுதினது மேடம்.”

“இது எங்க தொடர்ல வர்ற பாட்டு. இன்னும் வெளியவே வரல!”

“திருடினதோட விடல,” என்றார் ஆலோசகர், உண்மையான வேதனையோடு. “தாழ்ப்பாள் வேணும்னு மாத்திக் கெடுத்தும் வச்சிருக்காங்க.”

நெட்டையும் சுருட்டையும் மகளைப் பார்த்தார்கள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. அதுதான் கொடுமை. அப்பா வாயைத் திறந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்கப்பா.”

“அப்பாவா?” என்று தலைவி கதாசிரியர் பக்கம் திரும்பினார். “சார், இது உங்க பொண்ணா?”

கதாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பத்தொன்பது வருட அனுபவம் அந்த நொடியில் அவருக்குக் கைகொடுத்தது.

“மன்னிக்கணும் மேடம். தப்பு என்னோடது. எழுதின காகிதத்தை வீட்ல அங்கங்க போட்டு வச்சிருந்தேன். குழந்தைதானே... கண்ணுல பட்டிருக்கும்.”

“பரவால்ல சார்,” என்று தலைவி உருகிவிட்டார். “சொந்தப் பொண்ணுன்னும் பார்க்காம உண்மையைச் சொன்னீங்க பாருங்க. அதுதான் நீங்க.”

டமாரம் மட்டும் நகரவில்லை. “சார், அவ அதை எழுதறப்ப நாங்க கூடவே இருந்தோம் சார்,” என்றான். அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான்காவது சிக்னலில் நின்றபோது கேட்டாள்:

“அப்பா, இப்ப வயிறு பரவால்லையா?”

பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் மனைவி சும்மா விடவில்லை. “அவ உங்க காகிதத்தைப் பார்த்தா எழுதினா? அவ அந்தப் பாட்டைக் கட்டினப்ப நான் பக்கத்துல துணி மடிச்சுக்கிட்டு இருந்தேங்க. ஒவ்வொரு வரியா அடிச்சு அடிச்சு எழுதினா. போய் உங்க ஆபீஸ்ல சொல்லுங்க.”

“உனக்குப் புரியாது. இது தொழில் சம்பந்தப்பட்டது.”

“ஓ! அப்ப பொண்ணு எதுல சம்பந்தப்பட்டவ?”

அதற்குப் பதில் எழுதித் தர யாரும் இல்லாததால் கதாசிரியர் கேள்வியை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். நெட்டையும் சுருட்டையும் பிறகு வரவில்லை. பாட்டை அவள்தான் அப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று அவர்கள் நினைத்தார்கள். டமாரம் ஒருமுறை வந்து வாளிகளை எடுத்துப் போனான். ஸ்டோர் ரூம் அமைதியாகிவிட்டது. கதாசிரியர் இரண்டு வாரம் வழக்கம்போல் குளியலறையில் உட்கார்ந்து பார்த்தார். குழாய்ச் சத்தம்தான் கேட்டது.

‘முணுமுணுப்பு’ அமோக வெற்றி பெற்றது. தைலம் இரட்டிப்பாக விற்றது. அரையாண்டு கழிந்து, சிறுவர் கலை மன்றம் கதாசிரியரைப் பாராட்டி விழா எடுத்தது. குடும்பத்தோடு வர வேண்டும் என்பது அழைப்பிதழின் அன்புக் கட்டளை. காலைப் பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. ‘நம் குழந்தைகளுக்காக எழுதுபவர்’ என்று பொறித்த கேடயத்தை அவர் கையில் கொடுத்தார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

“இவ்வளவு பெரிய மனிதரைப் பற்றி அவர் வீட்டுக் குழந்தை என்ன சொல்கிறாள், கேட்போமா?” என்றார் தொகுப்பாளர்.

மனைவி மகளின் கையைப் பிடித்தாள். மகள் அதை மெல்ல விலக்கிவிட்டு மேடையேறினாள். கதாசிரியருக்குப் பொன்னாடைக்குள் வேர்த்து ஊற்றியது. அவள் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“எங்களுக்காக எழுதறார்னு போட்டிருக்கீங்க. அது தப்பு. எங்கப்பா எங்களுக்காக எழுதல. எங்ககிட்டேர்ந்து எழுதறார். அவர் எழுதின ஒவ்வொரு வார்த்தையும் ஒரு குழந்தையோட வாயிலேர்ந்து எடுத்தது.”

அரங்கில் இடிபோல் கைத்தட்டல் எழுந்தது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு பாராட்டை இதுவரை கேட்டதில்லை என்று மன்றத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மகள் கூட்டத்தைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைத்தட்டல் அடங்கவே இல்லை. அவள் மேடையை விட்டு இறங்கி, அம்மாவிடம்கூடப் போகாமல் வாசல் பக்கம் நடந்துபோய்விட்டாள்.

நிகழ்ச்சித் தலைவி மேடைக்கே ஓடிவந்து கதாசிரியரின் கையைக் குலுக்கினார்.

“என்ன வசனம் சார்! புல்லரிச்சுப்போச்சு. உண்மையைச் சொல்லுங்க, நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

கதாசிரியர் வாசலைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார்.

“ஆமா மேடம்,” என்றார், தமக்கே உரிய அடக்கத்தோடு.