சாம்பியன் ஷூவில் குடியிருந்த சக்தி

காலை ஏழு மணிக்கே கடை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. உள்ளே தங்கமா விற்றார்கள்? முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சாம்பியன் போட்டு ஆடிய மாடல் கூடைப்பந்து ஷூ, ஐயா! விற்றவர் ‘ஷூ மகான்’. நம் காலைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நாம் நடப்பது மட்டும்தான் தெரியும். அவருக்கு நம் எதிர்காலமே தெரியுமாம்.

அவருடைய அற்புதம் இதுதான். ஒரு கையை நீட்டச் சொல்லி அழுத்துவார். தொப்பென்று விழும். மறு கையை ஷூப் பெட்டிமேல் வைக்கச் சொல்லி மறுபடி அழுத்துவார். நீட்டிய கை அசையாது! “பழைய சாம்பியனோட சக்தி ஏறிடுச்சு” என்பார். கையின் நுனியில் அழுத்தினால் சுலபமாக விழும், தோள் பக்கம் அழுத்தினால் விழாது; முதல் தடவை மணிக்கட்டில் அழுத்தியவர், அடுத்த தடவை முழங்கைக்கு மேலே அழுத்துகிறாரே என்று ஒருத்தர் கவனிக்க வேண்டுமே! எல்லார் கண்ணும் பெட்டிமேல். என் கண்ணும்தான், வெட்கக்கேடு.

என் மச்சான், அதாவது என் அக்கா புருஷன், இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி மகளுக்கு ஒரு ஜோடி வாங்கிவிட்டார். அழகா? அழகுதான், பொய் சொல்லக் கூடாது. சிவப்பும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறித்தது. சுகமா? அடிப்பாகம் வெறும் பலகை. மூன்றே நாளில் பெண்ணின் குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. அந்த மூன்றாம் நாள் மாலைதான் அவளுக்குக் கூடைப்பந்து அணித் தேர்வு.

“அப்பா, வலிக்குதுப்பா. என் பழைய ஷூவையே போட்டுக்கறேனே.”

“வலிச்சா சக்தி ஏறுதுன்னு அர்த்தம்மா!”

என் அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவள். கால்வலியைப் பற்றி அவளுக்கே பாடமா? டேப் ஒட்டி மூடிய இரண்டு ஷூப் பெட்டிகளோடு எங்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எதுல சக்தி இருக்குன்னு திறக்காம சொல்லுங்க, பார்ப்போம்.”

மகான் சிரித்தார். பெண்ணின் ஒரு கையை முதல் பெட்டிமேல் வைத்து, நீட்டிய மறு கையை அழுத்தினார். விழுந்தது. இரண்டாவது பெட்டி. அசையவில்லை. “இதோ, சாம்பியன் இங்க இருக்கார்!” கூட்டம் கைதட்டியது.

அக்கா பெட்டியைப் பிரித்தாள். சாம்பியன் இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைச் செருப்பு, வலது கால். மற்ற பெட்டியில் அதே செருப்பின் இடது கால். ஷூ அவள் தோள்பையில் இருந்தது.

“ஏங்க, வலது காலுக்கு மட்டுந்தான் சக்தியா? இடது கால் என்ன பாவம் பண்ணுச்சு?”

“சந்தேகப்பட்டா சக்தி ஓடிடும்மா...”

“ஓடட்டும். நீங்க ஓடறதுக்கு முன்னாடி ஷூவை வாங்கிக்கிட்டுப் பணத்தைக் கொடுங்க.”

கொடுத்தார். மச்சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “அம்மா, அந்த வலது கால் செருப்பைக் குடுப்பீங்களா?”

மாலையில் பெண் குதிகாலில் கட்டுப் போட்டு, தன் பழைய ஷூவோடு ஆடினாள். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அது அவள் பயிற்சி. எந்தச் சாம்பியனும் உள்ளே புகுந்து ஆடவில்லை.

ஷூவை வாங்கிப் பெட்டியிலேயே பூட்டி வைத்து, கறைபடாமல் காப்பாற்றுகிற கனவான்களே! மூளையையும் அப்படியே வைத்திருக்கிறீர்களே, அதையாவது ஒருநாள் வெளியே எடுத்து உபயோகித்துப் பாருங்கள்.