கங்காதரனுக்கு முன்பே தெரியும்

நம்மிடையே ஒரு ரகம் உண்டு. ரயில் போன பிறகு, மழை கொட்டித் தீர்த்த பிறகு, நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோன பிறகு, மெல்ல நம் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பிக்கும் ரகம். எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்டுவிடாதீர்கள். நீங்கள் இப்படிக் கேட்பீர்கள் என்பதும் அவருக்கு முன்பே தெரியும்.

இந்த ரகத்தின் அசல் மாதிரியைப் பார்க்க ஆசையிருந்தால், முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஈ.சி.ஆர். ஓரமாக இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போங்கள். மூக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், பத்து நிமிடத்தில் பழகிவிடும். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் மொபெட்டில் வந்து சேரும் மூத்த ஃபிட்டர் கங்காதரன் அங்கேதான் இருக்கிறார். பெல்ட் அறுந்தால் அப்பவே சொன்னார். மோட்டார் சூடானால் அப்பவே சொன்னார். ஓட்டல்காரர்கள் சாக்கடையில் தலையணை உறையைப் போடுவார்கள் என்பதை, அந்த ஓட்டலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே சொன்னாராம். வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கை வைத்தால் துருவேறிய நட்டும் கழன்று வரும். வாய்தான் யார் கை வைத்தாலும் மூடாது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். ஊர்க் கழிவெல்லாம் முதலில் வந்து விழும் கிணற்றில் இரண்டு பம்புகள். ஒன்று மோட்டார் காயில் எரிந்து பட்டறைக்குப் போயிருந்தது. (“போவும்னு அப்பவே சொன்னேன்.”) மிச்சமிருந்த ஒன்றும் காலை பத்து மணிக்குத் துணி சுற்றி நின்றுபோனது. கிணறு விறுவிறுவென்று ஏறியது. வழிந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கழிமுகத்தில்தான் போய் இறங்கும். அங்கே வலை போட்டிருப்பது, எலக்ட்ரீசியன் லோகுவின் குப்பத்து ஜனம். அவனுடைய அம்மாவின் வலையும் அதில் உண்டு.

“ஒரு சொட்டு வயிஞ்சாலும் நான் வூட்டுப் பக்கமே போவ முடியாது மேடம்” என்றான் லோகு, சூப்பர்வைசர் ரேணுகாவிடம்.

சங்கிலி போட்டுப் பம்பை மேலே தூக்கினார்கள். கங்காதரன் கையுறையை மாட்டிக்கொண்டு, சுற்றியிருந்த துணி, முடி, கயிறு எல்லாவற்றையும் ஒரு மூட்டை அளவுக்கு வாரி வெளியே போட்டார். இறக்குவதற்கு முன் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சங்கிலியில் தொங்கும் பம்பை ஒரே ஒரு நொடி ஓடவிட்டு, எந்தப் பக்கம் உதறுகிறது என்று பார்ப்பார்கள்; ஒயர் இடம் மாறியிருந்தால் எதிர்ப்பக்கம் உதறும். அந்த நேரம் பார்த்து லோகு ஜெனரேட்டர் ரூமுக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை கைகட்டிக்கொண்டு நிற்பதா? கழற்றி வைத்திருந்த மூன்று ஒயரையும் கங்காதரன் தானே மாட்டினார், உதறிப் பார்க்காமலே பம்பை இறக்கினார், பட்டனை அழுத்தினார். எல்லாம் தெரிந்தவருக்கு எதற்குப் பரீட்சை?

பம்பு ஜோராக உறுமியது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. விளிம்புக்கு இன்னும் மூன்றடி.

“வால்வு மாட்டிகினு கீது. பொங்கலப்பவே சொன்னேன்” என்றார் கங்காதரன். வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். புத்தம் புதிதுபோல இருந்தது.

“அப்பொ பைப்புதான் அடைச்சிகினு கீது. இந்த பைப்பு வாணாம்னு போடும்போதே சொன்னேனா இல்லியா?”

பைப்பிலும் ஒன்றுமில்லை. இதற்குள் கிணறு ஓரடிக்கு வந்துவிட்டது. திரும்பி வந்த லோகு சுவர்மேல் ஏறி நின்று குப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேணுகா மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, தொங்கும்போது ஓட்டிப் பாத்தீங்களா?”

கங்காதரன் தான் ஒயர் மாட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒயரில் கலர் டேப் சுற்றி அடையாளம் வைக்காத லோகு மேல் பழியைப் போடலாம். “டேப்பு சுத்துடான்னு அப்பவே...” என்று வாய் பாதி திறந்தும்விட்டது. சுவர்மேல் நின்றவன் திட்டியிருந்தால் முழுதாகவே சொல்லியிருப்பார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் கங்காதரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“பாக்கல மேடம். தப்பு என்னுது. ஒயரை மாத்தி மாட்டிட்டேன். பம்பு திருப்பி சுத்துது.”

ஓடினார். மெயினை அணைத்தார். இரண்டு ஒயரை இடம் மாற்றினார். இரண்டே நிமிட வேலை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் தயங்கி நின்றது, பிறகு மளமளவென்று இறங்கியது. லோகு சுவரிலிருந்து குதித்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“அண்ணாத்த, மத்தியானம் நம்ம வூட்ல நண்டுக் கொயம்பு. அம்மாகிட்ட இத்த சொல்ல மாட்டேன், வா.”

“இன்னாத்துக்கு மறைக்கிற? நானே சொல்லிக்கிறேன்” என்றார் கங்காதரன்.

சரி, அவர் திருந்துகிறாரோ இல்லையோ, விடுங்கள். உங்களை ஒன்று கேட்க வேண்டும். அவர் தானே ஒயரை மாட்டுகிறார் என்றதுமே, “இந்த ஆள் மாற்றித்தான் மாட்டுவார்” என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? தலையை ஆட்டினீர்களே, நான் பார்த்தேன். பிறகு கிணறு ஓரடிக்கு வரும்வரை ஏன் ஐயா வாயைத் திறக்கவில்லை?